டால்பின் வராத நாள்

கடலில் டால்பின்களைக் கண்காணிக்கும் வேலைக்குத் தன்னார்வலராகப் போவதாக யாராவது சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் என்ன வரும்? படகுக்கு முன்னால் துள்ளிக் குதிக்கும் டால்பின்கள். வலையில் சிக்கிய குட்டியை யாரோ கட்டிப்பிடித்து விடுவிக்கும் காட்சி. பின்னணியில் கொஞ்சம் இசை. சினிமாவும் டிவி சேனல்களும் நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன.

நிஜத்தில் அங்கே போய்ச் சேருபவர் கைக்கு வருவது ஒரு படிவமும் பென்சிலும்தான். காப்பாற்றுகிற வேலை எதுவும் இல்லை. எண்ணுகிற வேலை. அதுவும் பெரும்பாலான நேரம் எண்ணுவதற்கு எதுவுமே இல்லாத வேலை!

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கிரேக்க நாட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

கிரேக்கத்தின் மேற்குப் பக்கம் இருப்பது அயோனியன் கடல். அங்கே லெஃப்கடா என்ற பெரிய தீவுக்கும் கிரேக்கப் பெருநிலத்துக்கும் நடுவில் சின்னச் சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒன்று காலமோஸ். கிரேக்க மொழியில் நாணல் என்று அர்த்தம். தென்மேற்கே கொஞ்ச தூரம் போனால் இதாக்கா வந்துவிடும். ஹோமரின் காவிய நாயகன் ஒடிஸியஸ் பத்து வருஷம் கடலில் அலைந்து திரும்பி வந்தானே, அந்த இதாக்காதான்.

இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த டெதிஸ் ஆய்வு நிறுவனம் 1986ல் தொடங்கப்பட்டது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு. திமிங்கலங்களையும் டால்பின்களையும் ஆராய்வது அதன் வேலை. 1990களின் தொடக்கத்தில் அவர்கள் காலமோஸ் பக்கம் வந்தார்கள். அப்போது அந்தத் தீவைச் சுற்றி 'சாதாரண டால்பின்' என்ற இனம் நிறைய இருந்தது. (பெயரே அதுதான். எங்கே பார்த்தாலும் இருந்ததால் வந்த பெயர்!) சுமார் இரண்டு மீட்டர் நீளம், விலாவில் மணல் கடிகாரம் போல ஒரு வடிவம், அதன் முன்பாதியில் வெளிர் மஞ்சள். கூட்டமாகத் திரியும். மத்தி, நெத்திலி மாதிரிக் கூட்டமாக நீந்தும் சின்ன மீன்கள்தான் அதற்குச் சாப்பாடு.

இனி ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். 2002ம் வருஷம், கோடைக்காலம். இத்தாலியில் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற ஒரு பெண். பெயர் வேண்டாம். வருஷ லீவில் ஒரு வாரத்தை ஒதுக்கி, கைக்காசைக் கட்டி, காலமோஸுக்கு வருகிறார். இந்தப் பெண் கற்பனை. ஆனால் இவரைப் போன்றவர்கள் உண்மை. வருஷா வருஷம் கோடையில் வந்தார்கள், படகில் ஏறினார்கள், போனார்கள்.

'கைக்காசைக் கட்டி' என்றதும் புருவம் உயரும். தன்னார்வலர் என்றால் சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர், அது சரி. வேலை செய்யக் காசும் கொடுப்பாரா? கொடுப்பார். இந்த மாதிரி ஆய்வுகள் பலவும் உலகம் முழுக்க அப்படித்தான் ஓடுகின்றன. படகுக்கு பெட்ரோல் போட வேண்டும், வீட்டு வாடகை கட்ட வேண்டும், ஆராய்ச்சியாளர் சாப்பிட வேண்டும். அரசாங்கமோ அறக்கட்டளையோ மூன்று வருஷத்துக்கு நிதி கொடுக்கும், அப்புறம் வேறு விஷயத்துக்குப் போய்விடும். ஆனால் டால்பின் ஆய்வு மூன்று வருஷத்தில் முடிகிற விஷயம் இல்லை. ஒரு டால்பினின் ஆயுளே பல பத்தாண்டுகள். அதனால் அந்த இடைவெளியை அடைப்பது இப்படி ஒரு வாரம், பத்து நாள் என்று வருகிறவர்களின் பணம்.

சரி, படகுக்கு வருவோம்.

காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். கோடையில் அந்தப் பகுதியில் பிற்பகல் ஆனால் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். காற்று வந்தால் அலை வரும், அலை வந்தால் வெள்ளை நுரை வரும். நுரைக்கு நடுவில் டால்பினின் முதுகைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் நேரம்தான் கணக்கில் சேரும். கடலின் நிலையை அளக்க போஃபர்ட் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 0 என்றால் கண்ணாடி. 1 என்றால் லேசான சிற்றலை. 3க்கு வந்தால் அங்கங்கே வெள்ளை நுரை. நுரை வந்துவிட்டால் டால்பின் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் டால்பின் இல்லாததா, அலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

படகு என்றால் பெரிய கப்பல் இல்லை. காற்றடைத்த ரப்பர் ஓரங்கள் கொண்ட சின்னப் படகு, பின்னால் ஒரு மோட்டார். கூரை கிடையாது. ஒவ்வொருவருக்கும் கடலில் ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கப்படும். இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர், நேரே முன்னால் ஒருவர். உங்கள் பங்கை விட்டு அடுத்தவர் பங்கை எட்டிப் பார்க்கக் கூடாது. பேசலாம், ஆனால் முகத்தைத் திருப்பிப் பேசக் கூடாது. வெயிலில் கண் கூசக் கூச, ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை.

வங்கிப் பெண் படிவத்தைப் பார்க்கிறார். படகு கிளம்பிய நேரம், இருக்கும் இடம், கடலின் நிலை, போன தூரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. "ஒன்றுமே பார்க்கவில்லையே, இதில் என்ன எழுதுவது?" என்று கேட்கிறார். "அதைத்தான் எழுத வேண்டும்" என்கிறார் படகை ஓட்டும் ஆராய்ச்சியாளர்.

இந்த ஆய்வின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மளிகைக் கடையில் மார்ச் 31ம் தேதி ஸ்டாக் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் பட்டியலோடு ஒவ்வொரு அலமாரியாகப் போவார்கள். துவரம்பருப்பு 12 மூட்டை, சர்க்கரை 8 மூட்டை. காலியாக இருக்கும் அலமாரிக்கு வந்தால் தாண்டிப் போய்விட முடியுமா? முடியாது. 'இல்லை' என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஆடிட்டர் கேட்பார், அந்த அலமாரியில் சரக்கு இல்லையா, அல்லது நீங்கள் அதைப் பார்க்கவே இல்லையா என்று. இரண்டும் வேறு வேறு.

கடலிலும் அதேதான். 'இன்று 3 கூட்டம் டால்பின் பார்த்தோம்' என்பது வெறும் செய்தி. எத்தனை தூரம் தேடி 3 கூட்டம் பார்த்தார்கள்? 30 கிலோமீட்டரா, 300 கிலோமீட்டரா? அந்த எண் இல்லாமல் போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிடவே முடியாது. அதனால்தான் நல்ல கடல் நிலையில் போன ஒவ்வொரு கிலோமீட்டரும் பதிவாகிறது. கடைசியில் வரும் எண் '100 கி.மீ.க்கு எத்தனை சந்திப்பு' என்பது. டால்பின் வராத நாட்கள் இல்லாவிட்டால் இந்த வகுத்தலில் கீழே போடும் எண்ணே தப்பாகிவிடும். சுற்றுலாப் பயணிக்கும் தன்னார்வலருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். சுற்றுலாப் பயணி டால்பின் வராத நாளை மறந்துவிடுவார். தன்னார்வலர் அதை எழுதி வைத்துவிட்டு வருவார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டால்பின் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் ஒரு கறுப்பு முக்கோணம் எழுந்து மறைகிறது. பக்கத்தில் இன்னொன்று. படகு வேகம் குறைகிறது. அப்போதும் கைதட்டவோ தண்ணீரில் குதிக்கவோ நேரம் இல்லை. வேலை இரண்டு மடங்காகிறது. மணி என்ன, எங்கே, எத்தனை, குட்டி இருக்கிறதா, என்ன செய்கின்றன... ஒருவர் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். கேமரா வைத்திருப்பவர் சுட்டுக்கொண்டே இருப்பார். முகத்தை இல்லை, முதுகுத் துடுப்பை!

டால்பினுக்குக் கைரேகை மாதிரி அதன் முதுகுத் துடுப்பு. மற்ற டால்பின்களோடு உரசல், கடி, வலை, கயிறு என்று வாழ்க்கையில் பட்டதெல்லாம் துடுப்பின் பின் ஓரத்தில் வெட்டாகவும் பிசிறாகவும் பதிந்திருக்கும். 1970களில் அர்ஜென்டினா கடலோரத்தில் பெர்ண்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் தம்பதியர் இந்த முறையில் டால்பின்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு 1977ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் சரசோட்டா விரிகுடாவில் 1970ல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று ஐந்து தலைமுறை டால்பின்களைத் தெரியும். 60 வயதைத் தாண்டிய பெண் டால்பின்களையும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் யோசனை அதைவிட மிகப் பழையது, அதுவும் இதே கிரேக்கர்களுடையது. சுமார் 2300 வருஷத்துக்கு முன்னால் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு குறிப்பு வருகிறது. மீனவர்கள் சில சமயம் டால்பினைப் பிடித்து அதன் வாலில் ஒரு வெட்டுப் போட்டுத் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்களாம். பிறகு அதே வெட்டோடு அது கண்ணில் பட்டால் எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் பார்ப்பார்களாம். அப்படித்தான் சில டால்பின்கள் 25 வருஷத்துக்கு மேலும், சில 30 வருஷம் வரையும் வாழ்ந்தது தெரிய வந்ததாம். டால்பின் கண்காணிப்பின் முதல் தன்னார்வலர்கள் என்று அந்த மீனவர்களைச் சொல்லலாம். நல்லவேளை, இப்போது வெட்டத் தேவையில்லை. கேமரா போதும்.

அடையாளம் தெரிந்தால் என்ன லாபம்? மொத்த எண்ணிக்கையைக் கணக்கிட முடியும். எல்லா டால்பினையும் பார்க்காமலே! முதல் முறை போய் 40 துடுப்புகளைப் படம் எடுக்கிறீர்கள். கொஞ்ச நாள் கழித்துப் போய் 50 எடுக்கிறீர்கள். அந்த 50ல் 20 துடுப்புகள் ஏற்கெனவே உங்களிடம் இருப்பவை. அதாவது இரண்டாவது முறை பார்த்ததில் ஐந்தில் இரண்டு பங்கு பழைய ஆட்கள். அப்படியென்றால் உங்களிடம் உள்ள 40 என்பதும் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்காக இருக்க வேண்டும். மொத்தம் 100. அவ்வளவுதான் கணக்கு. உண்மையில் இதைவிடச் சிக்கல் உண்டு. சில டால்பின்களுக்குத் துடுப்பில் வெட்டே இருக்காது, சில இறந்திருக்கும், சில வேறு இடத்துக்குப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் திருத்தம் போட வேண்டும். அதிலும் 'சாதாரண டால்பின்' துடுப்பில் வெட்டு குறைவு, அதனால் துடுப்பின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று துடுப்புகளை ஒப்பிட மென்பொருள்கள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் மனிதக் கண்தான். மாலை முழுக்க ஒரு படத்தையும் இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்து, இது அதுவா, அது இதுவா என்று உட்கார்ந்திருக்க வேண்டும். வங்கியில் செக்கில் உள்ள கையெழுத்தை ஒப்பிட்டுப் பழகிய நம் பெண்ணுக்கு இது கொஞ்சம் சுலபமாக வந்திருக்கும்!

காலமோஸில் இன்னொரு வேலையும் இருந்தது. டால்பின்கள் மேல்மட்டத்தில் மீன் கூட்டத்தைத் துரத்தித் தின்றுவிட்டுப் போன இடத்தில் தண்ணீருக்குள் வெள்ளிப் பொட்டு மாதிரி ஏதோ மின்னும். மீன் செதில்கள். நீளக் கைப்பிடி போட்ட மெல்லிய வலையால் அவற்றை அள்ளி எடுப்பார்கள். செதிலை வைத்து அது எந்த மீன் என்று சொல்லிவிடலாம். டால்பினைத் தொடாமல், அதன் வயிற்றை அறுக்காமல், அது இன்று என்ன சாப்பிட்டது என்று கண்டுபிடிக்கும் வழி. மத்தியும் நெத்திலியும் அதன் சாப்பாடு என்பது இப்படித்தான் உறுதியானது. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிய விஷயமாக மாறப் போகிறது.

வாரம் முடிகிறது. வங்கிப் பெண் ஓரிரு முறை டால்பின்களைப் பார்த்திருப்பார். முகம் வெயிலில் கறுத்திருக்கும். முறை வைத்துச் சமைத்திருப்பார், பாத்திரம் கழுவியிருப்பார். ஊருக்குப் போய், 'அருமையான இடம், அருமையான டால்பின்கள்' என்று நண்பர்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அவர் பார்த்தது ஒரு பேரழிவின் நடுப்பகுதி. அது அவருக்குத் தெரியாது.

1997ல் அந்தக் கடலில் நல்ல நிலையில் 100 கி.மீ. போனால் இரண்டு முறைக்கும் சற்று அதிகமாக சாதாரண டால்பின் கூட்டங்களைச் சந்திக்க முடிந்தது. 2003ல் அது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஏறக்குறைய 25 மடங்கு சரிவு. அதாவது முன்பு சுமார் 50 கிலோமீட்டருக்கு ஒரு கூட்டம் என்றிருந்தது, பிறகு 1000 கிலோமீட்டருக்கு மேல் தேடினால் ஒன்று என்று ஆகிவிட்டது. தலைக்கணக்கில் சொன்னால் 1995ல் சுமார் 150 டால்பின்கள். 2007ல் 15.

இந்தச் சரிவை யார் கண்ணால் பார்த்தது? தன்னார்வலர்களில் யாரும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். 1997ல் வந்தவர் நிறையப் பார்த்தார், போய்விட்டார். 2000ல் வந்தவர் கொஞ்சம் பார்த்தார், காலமோஸ் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தார். 2003ல் வந்தவர் ஒன்றும் பார்க்காமல், நமக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்திருப்பார். ஒவ்வொருவருக்கும் தான் வந்த வாரம்தான் கடலின் இயல்பு. மீன்வள ஆராய்ச்சியாளர் டேனியல் பாலி 1995ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே முழுக் கடல் என்று எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்துதான் இழப்பைக் கணக்கிடுகிறது. அதற்கு முன் இழந்தது கணக்கிலேயே வருவதில்லை. அளவுகோலின் பூஜ்ஜியமே நகர்ந்துகொண்டிருக்கிறது.

நாமும் இப்படித்தான். ஊர் ஏரியைப் பற்றித் தாத்தா ஒரு அளவு சொல்வார், அப்பா ஒரு அளவு சொல்வார், பேரனுக்கு அது பேருந்து நிலையம்.

நகராத பூஜ்ஜியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படிவங்கள். நூற்றுக்கணக்கான நாட்கள், யார் யாரோ பென்சிலால் எழுதியவை. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத மனிதர்கள். எந்த ஒருவருடைய ஞாபகத்திலும் இல்லாத சரிவு அந்தக் காகிதங்களைக் கூட்டியபோது வெளியே வந்தது. 'இன்று ஒன்றும் இல்லை' என்று சலிப்போடு எழுதிய வரிகள்தான் அதில் முக்கால்வாசிச் சாட்சி.

சரி, காரணம் என்ன?

இங்கேதான் செதில்கள் வருகின்றன. அதே கடலில் இன்னொரு இனமும் இருக்கிறது. குப்பி மூக்கு டால்பின், கொஞ்சம் பெரியது. அதன் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அதே காலத்தில் அது பெரிதாக மாறவில்லை. கடல் நீரே விஷமாகியிருந்தால் இரண்டும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டாமா? குப்பி மூக்கு டால்பின் பலவகை மீன்களைத் தின்னும், கடலின் அடிமட்டத்தில் தேடும். சாதாரண டால்பினோ மத்தி, நெத்திலிக் கூட்டங்களை நம்பி இருப்பது. அதே நேரத்தில் சூரை, வாள்மீன் ஆகியவற்றைக் கடலில் பார்ப்பதும் குறைந்தது. சின்ன மீனைத் தின்னும் எல்லோருக்கும் ஒரே கதி. அப்படியானால் குறைந்தது சாப்பாடு.

அந்தப் பகுதியில் மீன்பிடிக்கும் படகுகளையும் ஆய்வுக் குழு எண்ணியது. 308 படகுகள். எந்தப் படகு என்ன வலை போடுகிறது, எவ்வளவு எடுக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2008ல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொல்வது இது: சுமார் 10 படகுகள், அதாவது மொத்தத்தில் 3 சதவீதம், கடலிலிருந்து எடுக்கப்பட்ட மொத்த எடையில் 33 சதவீதத்தை எடுத்தன. அவை சுருக்குமடிப் படகுகள்.

சுருக்குமடி! தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் இந்தப் பெயரைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் கயிற்றை இழுத்துப் பை மாதிரிச் சுருக்கி, கூட்டத்தை மொத்தமாக அள்ளும் வலை. அது வேண்டும், வேண்டாம் என்று இங்கே மீனவர்களுக்குள்ளேயே எத்தனை தகராறு நடந்திருக்கிறது என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். காலமோஸில் டால்பினின் சாப்பாட்டோடு அதிகமாக மோதியதும் இந்த வலைதான். சாதாரண மீனவர்கள் போடும் செவுள் வலை மாதிரியான வலைகளும் தூண்டில்களும் டால்பினோடு அவ்வளவாகப் போட்டி போடவில்லை.

இந்தக் கணக்கில் உள்ள செய்தியைக் கவனியுங்கள். 'டால்பின் வேண்டுமா, மீனவர் வேண்டுமா?' என்று கேட்டால் எந்த அரசாங்கமும் மீனவர் என்றுதான் சொல்லும், சொல்லவும் வேண்டும். ஆனால் கேள்வி அது இல்லை என்று எண்கள் காட்டிவிட்டன. ஒரு பக்கம் டால்பினும் ஏறக்குறைய 300 சின்னப் படகுகளும். மறுபக்கம் 10 படகுகள். அந்தப் பத்தைக் கட்டுப்படுத்தினால் மீன்வளமும் தேறும், டால்பினும் பிழைக்கும், பெரும்பாலான மீனவர்களுக்கு நஷ்டம் இல்லை என்பதே ஆய்வின் முடிவு. எண்ணாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. வலையைக் கிழிக்கிறது என்று டால்பின் மேல் கோபமாக இருக்கும் சின்ன மீனவருக்கும்தான்.

இந்தக் கதைக்கு நல்ல முடிவு இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது அல்லவா? அரசு விழித்துக்கொண்டது, வலைகளைத் தடுத்தது, டால்பின்கள் திரும்பி வந்தன என்று. அப்படி நடக்கவில்லை. அந்தக் கடல் பகுதி ஐரோப்பிய யூனியனின் நேச்சுரா 2000 என்ற பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. பட்டியல் காகிதத்தில் இருந்தது. சுருக்குமடி கடலில் இருந்தது. 2003ல் மத்தியதரைக் கடலின் சாதாரண டால்பினை ஐ.யு.சி.என். அமைப்பு அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. அதற்கு அடுத்த நான்கு வருஷத்திலும் காலமோஸில் சரிவு நிற்கவில்லை. 150 என்பது 15 ஆவதை, அந்தந்த வருஷமே, துல்லியமாக, எண்ணிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அப்படியென்றால் இத்தனை பேர் காசு கொடுத்து, வெயிலில் காய்ந்து எண்ணியதில் என்ன பயன்? கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கடை திவாலாவதை வருஷா வருஷம் துல்லியமாகக் கணக்கெழுதி வைத்தால் கடை பிழைத்துவிடுமா?

பிழைக்காது. கணக்குப்பிள்ளை கடையைக் காப்பாற்ற மாட்டார், முதலாளிதான் காப்பாற்ற வேண்டும். இதை ஒப்புக்கொள்வது நல்லது. 'நீங்கள் வந்தால் டால்பின்களைக் காப்பாற்றலாம்' என்று ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் எங்கும் உண்டு, அதில் பாதி வியாபாரம். ஒரு வாரம் படகில் உட்கார்ந்தவர் எந்த டால்பினையும் காப்பாற்றவில்லை. அவர் செய்தது வேறு. கணக்கு இல்லாத கடையில் சரக்கு காணாமல் போனால் எலி தின்றதா, வேலையாள் எடுத்தானா, முதலாளி மகன் எடுத்தானா என்று கடைசிவரை தெரியாது. ஆளுக்கு ஒரு கதை சொல்லலாம். யாரும் பொறுப்பேற்க வேண்டாம். கணக்கு இருந்தால் அந்த வசதி போய்விடும். காலமோஸ் டால்பின்கள் எங்கே போயின என்று இன்று கேட்டால் 'எங்கேயோ போய்விட்டன, இயற்கை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆண்டும் எண்ணும் காரணமும் அச்சில் இருக்கின்றன. அடுத்த கடலில் அடுத்த 150 டால்பின்களுக்காகப் பேசப் போகிறவர் வெறும் கையோடு போக வேண்டியதில்லை.

அந்த ஆராய்ச்சியாளர்கள் அதோடு விட்டுவிடவும் இல்லை. காலமோஸுக்கு வடக்கே அம்ப்ராகிகோஸ் என்று ஒரு வளைகுடா இருக்கிறது. சுமார் 400 சதுர கிலோமீட்டர், கடலோடு ஒரு குறுகிய வாயால் மட்டும் இணைந்தது. அங்கே சுமார் 150 குப்பி மூக்கு டால்பின்கள் வாழ்வதைக் கண்டு, அங்கேயும் எண்ணத் தொடங்கினார்கள். இந்த முறை ஆரம்பத்திலிருந்தே ஒரு எண் கையில் இருந்தது.

உலகம் முழுக்க இப்படிப் பல படகுகள் கிளம்புகின்றன. அடுத்த முறை யாராவது டால்பின் ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போய் வந்தேன் என்று சொன்னால் 'எத்தனை டால்பின் பார்த்தீர்கள்?' என்று எல்லோரையும் போலக் கேட்காதீர்கள். 'எத்தனை கிலோமீட்டர் தேடினீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலரும். ஒன்றுமே வராத அந்த நாட்களைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.